எங்க ஊர்ச் சங்கு

தலைப்பு: நகரத்துச் சத்தம் – தொல்லையா? கலையா?
‘கலையே’ அணியில் மூன்றாவதாகப் பேசியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எதிரே உட்கார்ந்துகொண்டு ‘இந்தம்மா என்ன பேசிடப் போவுது’ என்று சிரித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! அரங்கம் நிறைந்த பெரியோர்களே! வீட்டிலே ஒரு கண்ணை டி.வி.யிலும் ஒரு காதை குக்கர் விசிலிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! (கைதட்டல்)

குக்கர் விசில்னு சொன்னேன் இல்லையா? அதிலேருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி, “சத்தம் என்றாலே தொல்லைதான், அதிலே கலைக்கு வேலையே இல்லை” என்று அடித்துச் சொன்னார். தாளம், சுருதி எல்லாம் தனக்கு ஒண்ணும் தெரியாது என்றும் சொன்னார். தம்பி, உங்க வீட்டுக் கூடத்திலே உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே, “மூணு விசில் ஆச்சு, அடுப்பை அணை”ன்னு உள்ளே குரல் கொடுக்கிறது யாரு? நீங்கதானே! (சிரிப்பு) அணைக்க மட்டும் எழுந்திருக்க மாட்டீங்க. ஆனா ஒரு விசில் தப்பாம எண்ணியிருக்கீங்க. வயித்துக்கு வேணும்னா சத்தத்துக்குக் காது கொடுக்கிறோம். மனசுக்காகவும் ஒரு தடவை கொடுத்துப் பார்த்தா என்னங்கிறதுதான் என் கேள்வி.

நடுவர்: நீங்க எந்த ஊரும்மா?

திருவொற்றியூருங்க ஐயா. ராயபுரத்திலே ஒரு பள்ளிக்கூடத்திலே டீச்சரா இருக்கேன்.

நடுவர்: அப்ப சத்தத்தைப் பத்திப் பேச உங்களுக்குத்தான் முழு உரிமை! (சிரிப்பு)

சரியாச் சொன்னீங்க ஐயா. எங்க பக்கத்திலே பொழுது விடியறதைக் கண்ணாலே பார்க்க வேண்டாம், காதாலேயே தெரிஞ்சுக்கலாம். காசிமேட்டிலே விசைப்படகு எஞ்சின் கரை சேருது. இருட்டிலேயே மீன் ஏலம் ஆரம்பிக்குது. ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடுது. பெரிய கோயில் மணி அடிக்குது, பள்ளிவாசல்லே பாங்கு சொல்றாங்க, மாதா கோயில் மணி அடிக்குது. அதுக்குள்ளே எண்ணூர் ரோட்டிலே கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்னு ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறாங்க. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியின் புல்லட் வண்டிச் சத்தத்தை, நாலு தெருவுக்கு அந்தப் பக்கம் வர்றப்பவே ‘இது இன்னார் வண்டி’ன்னு சொல்ற பிள்ளைகள் எங்க தெருவிலே உண்டு. டிசம்பர் 31 ராத்திரி 12 மணிக்குத் துறைமுகத்திலே நிக்கிற கப்பல்கள் ஹாரன் அடிச்சாத்தான் ராயபுரத்துக்குப் புது வருஷமே பிறக்கும்.

இத்தனை சத்தத்துக்கும் ராஜா ஒண்ணு உண்டு. சங்கு. நான் சொல்றது தொழிற்சாலைச் சங்கு.

ஐயா, மத்த ஊர்லே ‘சங்கு ஊதிட்டாங்க’ன்னா என்ன அர்த்தம்? (சிரிப்பு) ஆள் போயிட்டாருன்னு அர்த்தம். எங்க ஊர்லே சங்கு ஊதினா ஆள் வேலைக்குப் போறாருன்னு அர்த்தம்! (பலத்த கைதட்டல்)

எங்க வீட்டிலே கடிகாரம் இருந்தது. ஆனா அதை யாரும் நம்ப மாட்டாங்க. முதல் சங்குக்கு அம்மா உலையிலே அரிசி போடுவாங்க. ரெண்டாவது சங்குக்கு அப்பா கையிலே சாப்பாட்டுத் தூக்கு இருக்கணும். சாயந்திரச் சங்குக்கு நாங்க தெருவிலே ஆட்டத்தை நிறுத்திட்டு வாசல்லே நிக்கணும். தெரு முனையிலே சைக்கிள் மணிகள் கேட்கும். நூறு சைக்கிள் வந்தாலும் அப்பா சைக்கிள் மணி எதுன்னு எங்களுக்குத் தெரியும். இதைத் தொல்லைன்னு சொன்னா எப்படிங்க? இது எங்களுக்குப் பஞ்சாங்கம்.

எதிரணி அக்கா ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க. “சத்தம் உபயோகமா இருக்கலாம், ஆனா அது எப்படிம்மா கலையாகும்? கலைன்னா சுருதி வேணும், லயம் வேணும், இலக்கணம் வேணும்”னாங்க. அக்கா, வள்ளுவரையே சாட்சிக்குக் கூப்பிடறேன். குழலையும் யாழையும் இனிதுன்னு சொல்றவங்க, தன் பிள்ளை மழலையைக் கேட்காதவங்கன்னு அவரே சொல்லிட்டாரு. மழலைக்கு என்ன ராகம், என்ன தாளம்? கேட்கிற காதிலே அன்பு இருந்தது, அது யாழை ஜெயிச்சுது.

அது போதாதுன்னா, எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். மணலின்னு சொன்னா இன்னைக்கு உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, புகைபோக்கி, டேங்கர் லாரி. 200 வருஷத்துக்கு முன்னாலே அதே மணலியிலே யார் குடியிருந்தாங்க தெரியுமா? சங்கீத மும்மூர்த்திகளிலே ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர்! 1775ல் திருவாரூரிலே பிறந்தவர். கம்பெனியிலே துபாஷாக இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், தீட்சிதரின் அப்பா ராமசுவாமி தீட்சிதரை ஆதரித்து, குடும்பத்தோடு மணலிக்கு அழைத்து வந்தார். அங்கேயிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய், பட்டாளத்து பாண்டு வாசிக்கிறதைப் பிள்ளைகள் கேட்டார்கள்.

யோசிச்சுப் பாருங்க. வீணையும் வாய்ப்பாட்டுமாக வளர்ந்த பிள்ளை. எதிரே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊதுகுழலும் முரசுமாக முழக்குகிறார்கள். வேற ஒருத்தரா இருந்தா, ‘இது என்ன காட்டுக் கத்தல்’னு காதைப் பொத்திக்கிட்டு வீடு வந்து சேர்ந்திருப்பார். தீட்சிதர் அந்த மெட்டுகளை மனசிலே வாங்கி, சமஸ்கிருதத்திலே சாகித்தியம் எழுதி, நம்ம தெய்வங்கள் மேலே பாட்டாக்கினார். சுமார் 40 உருப்படிகள். நோட்டு ஸ்வரம்னு பேரு. பாட்டு கத்துக்கிற குழந்தைகள் இன்னைக்கும் பாடுதுங்க. பிரிட்டிஷ் ராஜா கீதத்தின் மெட்டு இருக்கே, அதுவே அவர் கையிலே ‘சந்ததம் பாஹிமாம்’ ஆச்சு. ராஜாவைக் காப்பாத்தச் சொன்ன மெட்டு, அம்பாளை வேண்ட வந்துடுச்சு! (கைதட்டல்)

“அது பாண்டும்மா, அதுவும் இசைதானே”ன்னு நீங்க முணுமுணுக்கிறது எனக்குக் கேட்குது. டீச்சர் காது சார், கடைசி பெஞ்சு முணுமுணுப்பும் கேட்கும்! (சிரிப்பு) சரி, சுத்தமான சத்தத்துக்கே வர்றேன். ரயில் சத்தம்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கேருந்து புறப்பட்டது? எங்க ராயபுரத்திலேருந்து. 1856 ஜூலை 1, வாலாஜா ரோடு வரைக்கும். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னைக்கும் நிக்குது. ஆனா அந்த ரயில் சத்தத்தைக் கலையாக்கினவர் நம்மவர் இல்லை, பிரான்ஸ் நாட்டுக்காரர். பியேர் ஷேஃபர்னு பேரு. பாரிஸ் வானொலியிலே என்ஜினியர். 1948ல் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கிட்டு பாத்தின்யோல் ரயில் நிலையத்துக்குப் போனார். எஞ்சின் மூச்சு விடறது, சக்கரம் தண்டவாளத்திலே தட்டறது, விசில், எல்லாத்தையும் தட்டிலே பதிவு பண்ணினார். அதை வெட்டி, அடுக்கி, ஏறக்குறைய மூணு நிமிஷத்துக்கு ஒரு இசை செய்தார். அந்த அக்டோபர் 5ஆம் தேதி பிரெஞ்சு வானொலியிலே ஒலிபரப்பும் ஆச்சு. ஒரு வாத்தியம் கிடையாது, ஒரு பாடகர் கிடையாது.

எப்படிச் செஞ்சார்? நம்ம வீட்டிலே யாராவது சொன்னதையே சொன்னா என்ன சொல்லித் திட்டறோம்? ‘கீறல் விழுந்த ரெக்கார்டு!’ அவர் செஞ்சதும் அதேதான். தட்டிலே கோடு சுத்திச் சுத்தி உள்ளே போகாம, போட்ட வட்டத்திலேயே மறுபடி மறுபடி ஓடும்படி வெட்டினார். ‘தடக் தடக்’னு ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரு வார்த்தையை நூறு தடவை சொல்லிப் பாருங்க. ‘பல்லி பல்லி பல்லி’ன்னு சொல்லிக்கிட்டே போனா, கொஞ்ச நேரத்திலே சுவத்துப் பல்லி மறந்து போகும். ‘லிபல் லிபல்’னு வெறும் ஓசை மட்டும் நிக்கும். அதே மாதிரி, திரும்பத் திரும்பக் கேட்டா ரயில் மறந்து போய், அதுக்குள்ளே இருக்கிற தாளம் வெளியே வருது. இன்னொரு வேலையும் செஞ்சார். மணியோசையைப் பதிவு பண்ணி, அடி விழற முதல் நொடியை மட்டும் வெட்டி எடுத்துட்டார். மிச்சத்தைக் கேட்டா அது மணி மாதிரியே இல்லை, ஏதோ ஊதுகுழல் மாதிரி இருக்கு! நாம தினம் கேட்கிற சத்தத்துக்குள்ளே நாம கேட்காத சத்தம் ஒளிஞ்சிருக்குன்னு அவர் காட்டினார்.

“என்னம்மா, வெளிநாட்டுக் கதையாவே சொல்றீங்க”ன்னு கேட்பீங்க. நம்ம நாட்டிலே 1969ல் அகமதாபாத்திலே, தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலே, மின்னணு இசைக்குன்னே ஒரு கூடம் இருந்தது. விக்ரம் சாராபாயின் சகோதரி கீதா சாராபாய் உட்பட நம்மவர்கள் அங்கே உட்கார்ந்து சோதனை பண்ணி டேப்பிலே பதிஞ்சாங்க. அந்த டேப்புகள் பல வருஷம் அலமாரியிலே தூங்கி, 2023ல்தான் ஆல்பமாக வெளியே வந்தது. வந்ததுக்கு ஒரே காரணம், யாரோ ஒரு புண்ணியவான் டேப்பைத் தூக்கி எறியாம வச்சிருந்ததுதான்.

எங்க வடசென்னைக்கு இது புதுசும் இல்லை. கானா எதிலே பிறந்தது? மிருதங்கம் வாங்கவா காசு இருந்தது? பெஞ்சு, பானை, தீப்பெட்டி, கைக்குக் கிடைச்சதிலே தாளம் போட்டாங்க. சாவு வீட்டிலே அழுகையைக்கூடப் பாட்டாக்கினாங்க. கிடைச்ச சத்தத்தைக் கலையாக்கறது எங்க மண்ணோட பழக்கம். (கைதட்டல்)

இப்ப நான் என் பிள்ளைகள் கதைக்கு வர்றேன். எட்டாம் வகுப்பு. ஒரு நாள் சொன்னேன், “ஒரு நிமிஷம் கண்ணை மூடுங்க. என்னென்ன கேட்குதுன்னு நோட்டிலே எழுதுங்க.” முதல் நாள் நாலு சத்தம் எழுதினாங்க. ஹாரன், ஃபேன், லாரி, பக்கத்து வகுப்பு டீச்சர். (சிரிப்பு) ஒரு வாரம் கழிச்சு அதே பிள்ளைகள் 19 எழுதினாங்க. அணில், தூரத்து ரயில், ஜன்னல் கொக்கி, பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறவன் மூச்சு! சத்தம் கூடலை. காது திறந்துச்சு.

அப்புறம் ஒரு செல்போனைக் கொடுத்து, “உங்க ஊரைப் பதிவு பண்ணிக்கிட்டு வாங்க”ன்னு சொன்னேன். கடல் காத்து மைக்கிலே அடிச்சு ‘பொரபொர’ன்னு கெடுத்தது. ஒரு பையன் பழைய சாக்ஸைப் போட்டு மூடினான், சரியாப் போச்சு. துவைச்ச சாக்ஸான்னு நான் கேட்கலை. (சிரிப்பு) ஒருத்தன் காசிமேட்டு ஏலத்தைக் கொண்டு வந்தான். ஒருத்தி, அவங்க அம்மா மார்க்கெட்டிலே மீன் செதில் சுரண்டற சத்தத்தைக் கொண்டு வந்தாள். இன்னொருத்தன் கண்டெய்னர் லாரி பின்னாலே வர்றப்ப ‘பீப் பீப்’னு கத்துமே, அதை. அந்த பீப்தான் எங்களுக்குத் தாளம் ஆச்சு. ரெண்டு பீப்புக்கு ஒரு சுரண்டல், நாலு பீப்புக்கு ஒரு ஏலக் குரல்.

எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு பொண்ணு கொண்டு வந்தது. தண்ணி லாரி! தெருவிலே குடம் நிரம்பற சத்தம். தாய்மார்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. குடம் காலியா இருக்கிறப்ப ‘தொம்’முனு கனமா இருக்கும். தண்ணி ஏற ஏற, உள்ளே காத்துக்கு இடம் குறையக் குறைய, சத்தம் மேலே மேலே போகும். பின்னாலே திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரியோட சண்டை போட்டுக்கிட்டே, கழுத்து வரைக்கும் வந்ததும் டக்குன்னு குழாயை அடுத்த குடத்துக்கு மாத்துவோமே, கண்ணாலே பார்த்தா மாத்தறோம்? காதாலே! (பலத்த கைதட்டல்) அந்தப் பொண்ணு 11 குடம் பதிவு பண்ணியிருந்தாள். ஒண்ணு முடியறப்ப அடுத்தது கீழேருந்து ஏறுது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்லே அதை அடுக்கிக் கேட்டப்ப, வகுப்பே அமைதியாச்சு. ஆலாபனை மாதிரி இருந்தது. எங்க தெருவிலே தண்ணிக்கு நின்ன அத்தனை பொம்பளைங்களும் சேர்ந்து பாடின மாதிரி இருந்தது.

ஆறு நிமிஷத்துக்கு ஒரு ஒலிச்சித்திரம் செஞ்சோம். பேரு ‘ஒரு நாள்’. காலையிலே ஆரம்பிச்சு ராத்திரியிலே முடியும். அப்ப ஒரு பையன் கேட்டான். “டீச்சர், நீங்க அடிக்கடி சொல்வீங்களே சங்கு. அதிலேதானே நாள் ஆரம்பிக்கணும்? அது எங்கே?”

என்ன சொல்வேன்? அப்பா வேலை செஞ்ச தொழிற்சாலையின் சங்கு நின்னு பல வருஷம் ஆச்சு. பெரம்பூர்லே பெரிய பின்னி ஆலையே 1990களில் மூடிப் போச்சு. 1970ல் வந்த எண்ணூர் அனல் மின் நிலையத்தையே 2017ல் மூடிட்டாங்க. அப்பா ஆலையிலே சங்கு நின்ன வாரம், அம்மா ரெண்டு நாள் சோத்தைக் குழைய விட்டுட்டாங்க. அப்பத்தான் எங்க ஊர்லேயும் சங்குக்கு மத்த ஊர் அர்த்தம் வந்துச்சு. ஒரு பதிவு கிடையாது. கல்யாண வீடியோவிலே தேடினோம், பழைய கேசட்டிலே தேடினோம். எங்கேயும் இல்லை. முப்பது வருஷம் ஊரையே எழுப்பின சத்தத்தைப் பிடிச்சு வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை.

நாங்க மட்டும் இல்லை. 1922 நவம்பர் 7, பாகுன்னு ஒரு ஊர். காஸ்பியன் கடலோரம். எங்க பக்கம் மாதிரியே எண்ணெயும் துறைமுகமுமான ஊர். அர்செனி அவ்ராமோவ்னு ஒரு இசைக்காரர், ஊர் ஆலைச் சங்குகள், கப்பல் ஹாரன்கள், ரயில் எஞ்சின், பீரங்கி எல்லாத்தையும் சேர்த்து, உயரத்திலே நின்னு கொடி காட்டி, ஊரையே ஒரு வாத்தியமா வாசிச்சார். சங்குகளின் சிம்பொனி! ஆனா அன்னைக்கு ஒலித்தது நமக்குக் கிடைக்கலை. பின்னாலே வந்தவங்க குறிப்பை வச்சுக்கிட்டு மறுபடி கட்டிப் பார்த்தாங்க. அதுக்கு மாறா கனடாவிலே வான்கூவர் துறைமுகத்திலே, மரே ஷேஃபர்னு ஒரு பேராசிரியரும் அவர் குழுவும் 1970களில் ஊர் ஊரா மைக்கோட அலைஞ்சாங்க. 1973ல் அந்த ஊர்ச் சத்தங்களை இசைத்தட்டாவே வெளியிட்டாங்க. ஊருக்கு அடையாளமான கோபுரத்தைக் காப்பாத்தற மாதிரி, அடையாளமான சத்தத்தையும் காப்பாத்தணும்னு அவங்க சொன்னாங்க.

நடுவர் அவர்களே, இங்கே நான் எதிரணிக்கு ஒரு உண்மையை ஒப்புக்கணும். நேரா நின்னு ஒப்புக்கறேன். சத்தம் மனுஷனைக் கெடுக்கும். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியிலே பகல்லே 55 டெசிபல், ராத்திரி 45தான் இருக்கணும். லாரி ரோட்டோரம் வீடு இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க, தூங்கி எத்தனை நாளாச்சுன்னு. எங்க அப்பா பிரஸ் ஷாப்பிலே வேலை செஞ்சார். தகட்டை அடிச்சு வளைக்கிற மிஷின். 30 வருஷம். அப்பல்லாம் காதுக்குப் பஞ்சுதான் பாதுகாப்பு. டாக்டர் சொன்னார், இரைச்சல் முதல்லே கெடுக்கிறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்திலே இருக்கிற மெல்லிய ஒலிகளை. மெய்யெழுத்து ஓசைகள் போகும், பேச்சு கேட்கும் ஆனா புரியாதுன்னு. அப்படித்தான் ஆச்சு. முதல்லே பேத்தி மழலை போச்சு. அப்புறம் அம்மா பேச்சு. இப்ப எதிரே நின்னு கத்தினாலும், உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறார். (அரங்கத்தில் அமைதி)

“அப்பாவுக்குக் காது போயும் இந்த அணியிலே நிக்கிறியே”ன்னு கேட்கலாம். அதனாலேதான் நிக்கிறேன். சத்தத்தைக் கலையாக்கறதுன்னா அதைப் போற்றிப் பாடறது இல்லைங்க. முதல்லே அதைக் கேட்கிறது. கேட்கிறவனுக்குத்தான் எது வேலைச் சத்தம், எது வதைச் சத்தம்னு பிரிக்கத் தெரியும். 2017ல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்லே நின்னு, கபேர் வாசுகி எழுதின ‘சென்னை பொறம்போக்குப் பாடலை’ப் பாடினாரே, அது வந்த பிறகுதானே எண்ணூர்க் கழிமுகத்திலே சாம்பல் கொட்டறாங்கன்னு பல பேருக்குத் தெரிஞ்சுது! காதைப் பொத்திக்கிறவன் புகார்கூடப் பண்ண மாட்டான். கலை காதைத் திறக்குது. திறந்த காதுதான் நியாயம் கேட்கும்.

கடைசியா ஒண்ணு. அந்தச் சங்கு. என் பிள்ளைகள் விடலை. ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அப்பா திண்ணையிலே உட்கார்ந்திருந்தார். ஒரு பொண்ணு சிலேட்டிலே எழுதிக் காட்டினாள்: ‘தாத்தா, சங்கு எப்படி இருக்கும்?’ அப்பா சிரிச்சார். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ரெண்டு கையையும் வாயிலே குவிச்சு ஊதினார். அடித் தொண்டையிலே ஆரம்பிச்சு, மெல்ல ஏறி, ஒரு இடத்திலே போய் நின்னு, ஆடாம அசையாம பிடிச்சு, கடைசியிலே மூச்சு இறங்கற மாதிரி சரிஞ்சு அடங்குச்சு.

எதிர்வீட்டு ஆயா, 80 வயசு, முந்தானையைச் சொருகிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டாங்க. “ஏம்மா, சங்கு ஊதுச்சே?”ன்னு. அப்பாவோட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர், மூணாவது வீடு. எழுந்து வந்து நின்னார். அப்பாவைப் பார்த்து விரலை ஆட்டினார். “அதேதான், ஆனா இன்னும் கொஞ்சம் நீளம்”னார். ரெண்டு கையையும் விரிச்சு அளவு காட்டினார். அப்பா தலையாட்டிட்டு மறுபடி ஊதினார். இந்தத் தடவை பிள்ளைகள் பதிவு பண்ணிட்டாங்க.

தன் குரலே தனக்குக் கேட்காத மனுஷன், ஊரோட சங்கை நெஞ்சுக்குள்ளே அப்படியே வச்சிருந்தாருங்க ஐயா. எங்க ‘ஒரு நாள்’ அந்தச் சங்கிலேதான் ஆரம்பிக்குது. ஆண்டு விழாவிலே போட்டப்ப, ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலே அப்பாவை உட்கார வச்சேன். பெட்டி மேலே கையை வச்சுக்கிட்டு ஆறு நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். முடிஞ்சதும் என்னைப் பார்த்து, “என்னுதைத்தான் முதல்லே போட்டீங்களா?”ன்னு கேட்டார். ஆமாம்னு தலையாட்டினேன். அதுக்கு மேலே என்னாலே முடியலை. (நீண்ட கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: அம்மா, நேரம் ஆச்சும்மா. மணி அடிக்க எனக்கே மனசு வரலை.

பரவாயில்லைங்க ஐயா, உங்க மணியையும் நாங்க பதிவு பண்ணிக்கிறோம்! (சிரிப்பு) ஒரே ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். தாய்மார்களே, பெரியோர்களே! இன்னைக்கு எல்லார் வீட்டிலேயும் செல்போன் இருக்கு. பிறந்தநாள், கல்யாணம்னு ஆயிரம் போட்டோ எடுக்கிறோம். இந்த ராத்திரி ஒரு அஞ்சு நிமிஷம், உங்க வீட்டுச் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க. பாட்டி வெத்தலை இடிக்கிறது, அப்பா இருமறது, அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே உங்களைத் திட்டறது. இன்னைக்கு அது தொல்லையாத் தெரியும். அந்தக் குரல் நின்ன பிறகு தேடினா, எங்க ஊர்ச் சங்கு மாதிரி, எந்தக் கேசட்டிலேயும் கிடைக்காது.

நகரத்துச் சத்தம் கலைதான், அதைக் கேட்க ஒரு காதும், பிடிச்சு வைக்க ஒரு மனசும் இருந்தா போதும்னு சொல்லி, எங்க அணிக்கே நல்ல தீர்ப்பு தர வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.